அம்மாவுக்கு வாய்ப்புண் ஆறவே மாட்டேங்குது, மாத்திரைச் சூடா இருக்குமா?

செல்வி_கோவில்பட்டி | 16 ஜூன் 2024, இரவு 9:41

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா வாசிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்குத்தான் எழுதறேன்.

அம்மாவுக்கு 58 வயசு. கோவில்பட்டி பக்கம் கிராமத்துல தனியா இருக்காங்க, நான் சென்னையில. ஏப்ரல்ல கை விரல், மணிக்கட்டு எல்லாம் வீங்கி, காலையில எந்திரிச்சா டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாம மதுரையில காட்டினோம். முடக்குவாதம், ருமட்டாய்டுன்னு சொல்லி மாத்திரை கொடுத்தாங்க. நல்லாவே கேட்டுச்சு. போன மாசக் கடைசியில "நானே கோலம் போட்டேன்டி"ன்னு போன்ல சொன்னாங்க.

இப்ப மூணு நாளா வாய் பூரா புண்ணு. உதட்டு உள்பக்கம், நாக்கு ஓரம், தொண்டை வரைக்கும். உடம்புச் சூடுன்னு மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், வெண்ணெய் எல்லாம் பாத்தாச்சு. இன்னிக்குப் பேச்சே குழறுது, கஞ்சிகூட இறங்கல. லேசா காய்ச்சலும் இருக்காம்.

சாப்பிடற மாத்திரை: காலையில மஞ்சளா ஒண்ணு, சத்துக்குன்னு இன்னொரு மஞ்சள் மாத்திரை, வலி தாங்கலன்னா ஒரு வலி மாத்திரை. மாத்திரைச் சூடுதான் காரணமா? பி காம்ப்ளெக்ஸ் வாங்கிக் கொடுக்கச் சொல்லலாமா, எது நல்லது?

மதுரை_மல்லி | இரவு 9:55

மணத்தக்காளி வத்தலை நெய்யில வறுத்துச் சூடு சோத்துல பிசைஞ்சு கொடுங்க. எங்க மாமியாருக்கு ரெண்டே நாள்ல ஆறிச்சு. காரம் சேர்க்காதீங்க.

பழைய_கம்பவுண்டர் | இரவு 10:06

அம்மா செல்வி, கீரை, வத்தல் எல்லாம் அப்புறம். முதல் மஞ்சள் மாத்திரையின் பெயரை ஸ்ட்ரிப்பின் பின்பக்கம் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பிராண்டு பெயர் போதாது, அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர் வேண்டும்.

மெதோட்ரெக்ஸேட் என்று இருந்தால் இரண்டு கேள்வி. தினமும் போடுகிறார்களா, வாரத்தில் ஒரு நாளா? ஸ்ட்ரிப்பில் இப்போது எத்தனை மிச்சம்? நினைவிலிருந்து சொல்ல வேண்டாம், எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்.

இதை வாசித்தவுடன் செய்யுங்கள்.

செல்வி_கோவில்பட்டி | இரவு 10:21

அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் போட்டோ எடுத்து அனுப்பினான். மெதோட்ரெக்ஸேட் 10 மி.கி.ன்னு போட்டிருக்கு.

போன சனிக்கிழமை அவன்தான் ஊர்ல ஒரு கடையில வாங்கிக் கொடுத்திருக்கான். பத்து மாத்திரை ஸ்ட்ரிப். ஞாயித்துக்கிழமையிலிருந்து தினம் காலையில போட்டிருக்காங்க. ரெண்டுதான் இருக்கு. கவர்ல பேனாவுல 1-0-0ன்னு எழுதியிருக்கு. ரெண்டு மஞ்சள் மாத்திரைக்குமே 1-0-0 தான்.

மதுரையில கொடுத்தப்ப "வெள்ளி மட்டும்"னு எழுதிக் கொடுத்தாங்க. அம்மாவும் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிச்சுட்டு வந்து போடுவாங்க. இப்ப கம்பெனி வேற, ஸ்ட்ரிப் கலர் வேற. டாக்டர் மருந்தை மாத்திட்டார் போலன்னு நினைச்சிருக்காங்க.

தப்பா ஏதும் ஆயிடுச்சா?

பழைய_கம்பவுண்டர் | இரவு 10:24

ஆமாம், தப்பாகிவிட்டது. இது வாரத்துக்கு ஒரு முறை மட்டும் போட வேண்டிய மருந்து. எட்டு வாரத்து மாத்திரை எட்டு நாளில் போயிருக்கிறது. வாய்ப்புண், காய்ச்சல் இரண்டும் அதன் அறிகுறி.

மாத்திரையை நிறுத்துங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள், இன்றிரவே பெரிய ஆஸ்பத்திரி. 108க்குச் சொல்லுங்கள். மருத்துவக் கல்லூரி என்றால் உங்களுக்குத் திருநெல்வேலி அல்லது தூத்துக்குடி. பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டுத் திரும்பி வருகிற கதை வேண்டாம்.

நி_பொதுமருத்துவம் | இரவு 10:31

மேலே சொன்னதை அப்படியே செய்யுங்கள். கூடுதலாக ஒன்று. கேஷுவாலிட்டியில் "வாய்ப்புண்"என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். ஒரு தாளில் இதை எழுதிப் பையனிடம் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள்:

"மெதோட்ரெக்ஸேட் 10 மி.கி. வாரம் ஒருமுறைக்குப் பதில் தினமும் 8 நாள் சாப்பிட்டுவிட்டார். வாய்ப்புண், காய்ச்சல். கடைசி மாத்திரை இன்று காலை."

வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையும், அந்தக் கவரும் கூடவே போகட்டும். வலி மாத்திரையும் வேண்டாம், அது சிறுநீரகம் வழியாக இந்த மருந்து வெளியேறுவதைத் தடுக்கும். வீட்டில் இருக்கும் ஃபோலிக் ஆசிட்டைக் கூடுதலாகக் கொடுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். இதற்கு மாற்று மருந்து ஃபோலினிக் ஆசிட், லூகோவோரின் என்பார்கள். பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் வேலை வேறு. அதை ஆஸ்பத்திரியில்தான் கொடுக்க முடியும்.

செல்வி_கோவில்பட்டி | இரவு 10:38

108க்குப் போட்டாச்சு. பையனும் அவங்கம்மாவும் கூடப் போறாங்க. நான் பஸ்ஸுக்குக் கிளம்பறேன்.

நெறியாளர் | இரவு 10:52

இந்த இழையில் இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஒன்று வாயில் தடவ ஏதோ பொடி, இன்னொன்று லூகோவோரின் மாத்திரைக்கு அளவு. இங்கே யாரும் யாருக்கும் அளவு சொல்லக் கூடாது. செல்வி திரும்பி வரும் வரை வேறு விவாதம் வேண்டாம்.

செல்வி_கோவில்பட்டி | 17 ஜூன், பிற்பகல் 3:10

திருநெல்வேலியில அட்மிட். வெள்ளணு 1,400. தட்டணு 48,000. ரெண்டுமே ரொம்பக் குறைவாம். தனி ரூம்ல வச்சிருக்காங்க. லூகோவோரின் ஊசி போகுது. அப்புறம் எழுதறேன்.

செல்வி_கோவில்பட்டி | 29 ஜூன், காலை 11:20

அம்மா நேத்து வீட்டுக்கு வந்துட்டாங்க.

பதினோரு நாள். முதல் நாலு நாள் எதுவுமே சொல்ல முடியாதுன்னுதான் சொன்னாங்க. காய்ச்சல் 103 வரைக்கும் போச்சு. ஆன்டிபயாடிக், லூகோவோரின், வெள்ளணு ஏத்தற ஊசி, ரெண்டு யூனிட் பிளேட்லெட். அஞ்சாவது நாள்தான் வெள்ளணு ஏற ஆரம்பிச்சுது. ஒரு நாள் காலையில "இட்லி கிடைக்குமா"ன்னு கேட்டாங்க, நான் வெளிய போய் அழுதுட்டு வந்தேன்.

அந்த ராத்திரி கம்பவுண்டர் சார் "எண்ணிச் சொல்லுங்க"ன்னு கேட்காம இருந்திருந்தா, காலையில பையன் பி காம்ப்ளெக்ஸ் வாங்கிட்டு வந்திருப்பான். ஒன்பதாவது மாத்திரையும் உள்ள போயிருக்கும்.

டியூட்டி டாக்டர் அந்தத் தாளை வாசிச்சுட்டு "யாரு எழுதிக் கொடுத்தது?"ன்னு கேட்டாராம். பையன் "சென்னை அக்கா"ன்னு சொல்லியிருக்கான்.

எனக்குப் புரியாதது ஒண்ணு. சீட்டுல டாக்டர் சரியாத்தான் எழுதியிருக்கார். வாரம் ஒருமுறைன்னு இங்கிலீஷ்ல இருக்கு. அப்புறம் எப்படி இது நடந்துச்சு? கடையில போய்ச் சண்டை போடணும்னு இருக்கு.

டெல்டா_மெடிக்கல்ஸ் | 29 ஜூன், பகல் 12:45

நான் கடைக்காரன். தஞ்சாவூர் பக்கம் 19 வருஷமா மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன். அம்மா பொழைச்சு வந்ததுல சந்தோஷம். சண்டை போட உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா கவுன்டருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னும் சொல்லிடறேன்.

சாயங்காலம் ஆறரை மணிக்குப் பதினைஞ்சு பேர் நிப்பாங்க. சீட்டை ஒரு பார்வை, மாத்திரையை எடுத்துக் கவர்ல போட்டு 1-0-1, 1-0-0ன்னு எழுதித் தள்ளணும். எங்க கவரையே பாருங்க. அச்சடிச்சு வர்றதுலயே "காலை, மதியம், இரவு"ன்னு மூணு கட்டம்தான். நாலாவது கட்டம் கிடையாது. கை தானாவே 1-0-0 எழுதிடும். பக்கத்துல இருந்தது ஃபோலிக் ஆசிட், ரெண்டும் மஞ்சள், ரெண்டு பிராண்டுக்கும் பேரு "ஃபோ"ன்னுதான் ஆரம்பிக்கும். நானே ஒரு தடவை தப்பான பெட்டியில கைவச்சுட்டு எடுத்திருக்கேன்.

உங்க ஊர்க் கடைக்காரருக்கு வக்காலத்து வாங்கல. எங்க வேலை எங்கே வழுக்கும்னு சொல்றேன்.

பழைய_கம்பவுண்டர் | 29 ஜூன், மாலை 4:18

> நாலாவது கட்டம் கிடையாது

கடைக்காரத் தம்பி மர்மத்தைப் பிடித்துவிட்டார். அரசு மருத்துவமனையில் 31 வருஷம் மருந்து கொடுத்தவன் நான். நம் ஊரில் மாத்திரை என்றாலே காலை, மதியம், இரவு, சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின். கிழமை என்கிற கேள்வியே கிடையாது. வாரத்துக்கு ஒரு நாள் போடும் மருந்து அந்த வழக்கத்துக்குள் உட்காராது. அதனால் வழியில் எங்கேயாவது, டாக்டரின் பேனாவிலோ, கடைக் கவரிலோ, நோயாளியின் மனசிலோ, அது தினசரி மாத்திரையாக உருமாறிவிடுகிறது.

நமக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை. ஐரோப்பிய மருந்து முகமை 2019இல் இதற்கென்றே தனி நடவடிக்கை எடுத்தது: பெட்டியில் எச்சரிக்கை, டப்பாவுக்குப் பதில் ஸ்ட்ரிப், நோயாளி கையில் ஓர் அட்டை. இங்கிலாந்தில் 2.5 மி.கி. மாத்திரையை மட்டும் கொடுங்கள், 10 மி.கி.யைக் கலக்காதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் ஒரே ரேக்கில் 2.5, 5, 7.5, 10, 15 எல்லாம் வரிசையாக இருக்கும்.

சட்டப்படி மருந்தாளுநர் முன்னிலையில்தான் சீட்டு மருந்து கொடுக்க வேண்டும். எத்தனை கடையில் சாயங்காலம் அவர் இருக்கிறார் என்று தம்பியைக் கேட்டால் சிரிப்பார்.

டெல்டா_மெடிக்கல்ஸ் | 29 ஜூன், மாலை 4:40

சிரிக்கல சார். எங்க கடையில என் சம்சாரம்தான் ஃபார்மசிஸ்ட். இப்பவும் அவங்கதான் பக்கத்துல நின்னு வாசிச்சுட்டு இருக்காங்க.

சித்தர்வழி | 29 ஜூன், மாலை 5:30

இது கேன்சருக்குக் கொடுக்கிற மருந்து என்பதை யாரும் சொல்லவில்லையே? மூட்டுவலிக்குக் கீமோதெரபி! முடக்கத்தான் என்று பெயரிலேயே மருந்தைச் சொல்லி வைத்தார்கள் நம் முன்னோர். விஷத்தை வாரம் ஒரு நாள் சாப்பிட்டாலும் விஷம்தான்.

ரத்தினம்_பவானி | 29 ஜூன், இரவு 8:02

ஏனுங்க சித்தர்வழி, முடக்கத்தான் தோசை எங்க ஊட்லயும் வாரம் ஒருக்கா உண்டுங்க. நானும் முடக்கத்தானுக்கு விரோதி இல்லைங்க. ஆனா என்ற கதையக் கேளுங்க.

2014ல எனக்கு இதே வாதம். ஜமக்காளத் தறி ஓட்டறவனுக்குக் கை போனா எல்லாம் போச்சு. டாக்டரு இதே மருந்து எழுதினாரு. கடையில ஒருத்தரு, "இது கேன்சர் மாத்திரையாச்சே, உனக்கு எதுக்கு?"ன்னாரு. அன்னைக்கே குப்பையில போட்டேன். அப்பறம் ஒரு வைத்தியரு பொடி கொடுத்தாரு. பத்தே நாள்ல வலி பஞ்சாப் பறந்துச்சுங்க. ஊரெல்லாம் அவரு புகழ் பாடினேன். ஆறு மாசத்துல மூஞ்சி நிலா மாதிரி உப்பி, சுகர் வந்து, தோலைத் தொட்டா நீலம் பாய்ஞ்சுது. பொடியில ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு கோயமுத்தூர்ல சொன்னாங்க. திடீர்னு நிறுத்தினா அதுவும் ஆபத்து, கொஞ்சங்கொஞ்சமாத்தான் குறைக்கோணும்னாங்க. அந்த ஒன்றரை வருசத்துல வலது கை மோதிர விரலு கோணினது கோணினதுதான்.

அப்பறம் ஒன்பது வருசமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இதே மாத்திரைதான். தறி ஓடுதுங்க.

நி_பொதுமருத்துவம் | 29 ஜூன், இரவு 9:15

சித்தர்வழி சொன்னதில் பாதி உண்மை: இது புற்றுநோய்க்கும் பயன்படும் மருந்துதான். ஆனால் அங்கே கொடுக்கும் அளவு வேறு உலகம். முடக்குவாதத்துக்கு வாரத்துக்கு 7.5இலிருந்து 25 மி.கி. வரைக்கும்தான்.

பலர் கேட்பார்கள், புற்றுநோய்க்கு அவ்வளவு கொடுக்கும்போது எட்டு நாளில் 80 மி.கி. ஏன் இவ்வளவு சேதம் செய்தது என்று. விடை இடைவெளியில் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் போட்டால், ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையும் வாய், குடல் உள்தோலும் மீதி ஆறு நாளில் தேறிக்கொள்ளும். தினமும் போட்டால் தேற நேரமே இல்லை. இந்த மூன்று இடத்திலும் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன, அதனால் முதல் அடி அங்கேதான் விழும். வாயில் புண் தெரிகிறது என்றால் மஜ்ஜையிலும் அதே நேரத்தில் அடி விழுந்திருக்கலாம். இதைச் "சூடு" என்று நினைத்துக் கீரை சமைப்பது நம் ஊரில் இயல்பு. அதனால்தான் தாமதமாகிறது.

நாட்டு மருந்தைப் பற்றி: சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், திட்டுவார் என்று மறைக்காதீர்கள். சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் வெளியிட்டார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது, சர்ச்சை நடந்தது. அந்தச் சர்ச்சை எப்படி முடிந்தாலும், ஏற்கெனவே கல்லீரலுக்கு வேலை கொடுக்கும் ஒரு மருந்தோடு இன்னொன்றை ரகசியமாகச் சேர்ப்பது நல்லதல்ல. மதுவுக்கும் இதே பேச்சு.

சித்தர்வழி | 29 ஜூன், இரவு 9:40

கலப்படப் பொடி விற்பவர்கள் சித்த வைத்தியர்களே அல்லர். பதிவு பெற்றவரிடம் போயிருக்க வேண்டும். அதை மட்டும் பதிவு செய்கிறேன். அம்மா நலம் பெறட்டும்.

ரத்தினம்_பவானி | 29 ஜூன், இரவு 9:48

அது சரிங்க, ஒத்துக்கறேன்.

வாணி_யாழ் | 30 ஜூன், காலை 7:30

செல்வி அக்கா, வாசிக்கவே நெஞ்சு பதறிச்சு. எனக்கும் ரெண்டு வருஷமா இதே குளிசைதான். எங்கட ஆஸ்பத்திரி கிளினிக்கில கொப்பி ஒண்டு தருவினம், ஒவ்வொரு முறையும் அதிலதான் எழுதுவினம். மருந்து எடுக்கிற இடத்திலயும் அந்தக் கொப்பியைத்தான் பார்ப்பினம். போன முறை என்ன குடுத்தது எண்டு அதிலயே கிடக்கும். கொப்பியைத் துலைச்சால் நேர்ஸிட்ட நல்ல பேச்சு விழும்!

எனக்கு ஒரு சந்தேகம். குளிசை போட்ட அடுத்த நாள் ஒரே சத்தி வாற மாதிரி இருக்கும், சாப்பாட்டைப் பார்க்கவே ஏலாது. இது உங்கள் எல்லாருக்கும் இருக்கோ?

ரத்தினம்_பவானி | 30 ஜூன், காலை 8:11

இருந்துச்சுங்க தங்கச்சி. அதுக்குத்தான் நான் ராத்திரி சோறு உண்டுபோட்டுப் போடறேன், தூங்கிட்டா பாதி போயிரும். ஃபோலிக் ஆசிட்டு ஒழுங்காப் போட்டா இன்னும் குறையுமுங்க. ஆனா சத்தி வருதுன்னு நீங்களா நிறுத்தீராதீங்க, கிளினிக்குல சொல்லுங்க. ஒரு சிலருக்கு ஊசியா மாத்திக் கொடுப்பாங்க.

என்ற முறை சொல்றேன். டெய்லி காலண்டர் ஊட்ல மாட்டியிருப்போமில்ல, ராகு காலம் பாக்கறதுக்கு. மாசம் பொறந்ததும் எல்லா ஞாயித்துக்கிழமைத் தாள்லயும் சிவப்பு பேனாவுல "மா"ன்னு எழுதீருவேன். தாளைக் கிழிச்சாத்தான் மாத்திரை, மாத்திரை போட்டாத்தான் தாளைக் கிழிக்கறது. மறந்துட்டா ரெண்டு நாளைக்குள்ள போட்டுக்கலாம், தாண்டிருச்சுன்னா அந்த வாரம் விட்ரோணும், அடுத்த வாரம் ரெண்டாச் சேத்துப் போடக் கூடாதுன்னு எங்க டாக்டரு சொன்னாரு.

பேதி, வாந்தின்னு உடம்புல தண்ணி வத்தற வாரத்துல மாத்திரையைத் தொடறதில்லைங்க. போன் போட்டுக் கேட்டுட்டுத்தான்.

பழைய_கம்பவுண்டர் | 30 ஜூன், காலை 10:00

ஃபோலிக் ஆசிட் என்றதும் ஒரு பழைய கதை. மெதோட்ரெக்ஸேட், ஃபோலிக் ஆசிட் மாதிரியே வேடம் போட்டு செல்லை ஏமாற்றும் மருந்து. செல் அதை நம்பி உள்ளே விடும், பிறகு பெருக முடியாமல் நிற்கும். ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்தது, அதிலிருந்து இந்த எதிரி மருந்துகளை உருவாக்கியது எல்லாம் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுக்கூடத்தில். அந்த ஆராய்ச்சியை நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காதியில் தைத்த அறுவை அங்கி போட்டதற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார். அவர் கூட்டம் கொடுத்த அமினோப்டெரின் என்கிற எதிரி மருந்தை வைத்துத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்கு 1947இல் சிகிச்சை தொடங்கினார். அதன் தம்பிதான் மெதோட்ரெக்ஸேட். சுப்பாராவ் 1948இல் இறந்துவிட்டார். 1995இல் தபால்தலை விட்டார்கள். எனக்கு மருந்துக் கல்லூரியில் இந்தப் பெயரை யாரும் சொல்லித் தரவில்லை, ஓய்வு பெற்ற பிறகுதான் வாசித்துத் தெரிந்துகொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த மருந்து ஃபோலிக் ஆசிட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் மீதி நாளில் ஃபோலிக் ஆசிட் கொடுக்கிறோம். மாத்திரை போடும் நாளில் அதை விட்டுவிடச் சொல்வது வழக்கம். இரண்டும் மஞ்சள் என்பதால் இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்கவே கூடாது.

மதுரை_மல்லி | 30 ஜூன், பகல் 1:25

செல்வி, அன்னிக்கு வத்தல் சொன்னது நான்தான். மன்னிச்சுக்கோங்க. நல்லதுன்னு நினைச்சுத்தான் சொன்னேன்.

செல்வி_கோவில்பட்டி | 30 ஜூன், பகல் 1:40

ஐயோ அக்கா, அதுக்கு முன்னாடியே நாங்க ஒரு கட்டு கீரையை முடிச்சாச்சு. நீங்க என்ன பண்ணுவீங்க.

புதுப்பெண்_ஆவணி | 30 ஜூன், மாலை 6:05

ஒரு சந்தேகம், கேட்கக் கூச்சமா இருக்கு. எனக்கு 26 வயசு, இதே மருந்து ஒரு வருஷமா. ஆவணியில கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்கு மூட்டுவலின்னு தெரியும், மருந்து பத்தித் தெரியாது. கல்யாணத்துக்கு அப்புறம் நிறுத்தினா போதுமா?

நி_பொதுமருத்துவம் | 30 ஜூன், மாலை 6:50

கூச்சப்படாதீர்கள், இது கேட்டே ஆக வேண்டிய கேள்வி. இந்த மருந்து கருவுக்குக் கடும் தீங்கு செய்யும். கரு உண்டான பிறகு நிறுத்துவது காலம் கடந்த வேலை. குழந்தை வேண்டும் என்று நினைப்பதற்குச் சில மாதம் முன்பே நிறுத்தி, வேறு மருந்துக்கு மாற வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்றவற்றைக் கர்ப்ப காலத்திலும் தொடரலாம், அதனால் மருந்தே இல்லாமல் வலியோடு தவிக்க வேண்டியதில்லை. அதுவரை கருத்தடை தவறக் கூடாது. இந்த வாரமே உங்கள் மூட்டு மருத்துவரிடம் தேதியோடு சொல்லுங்கள். நீங்களாக நாளைக்கே நிறுத்தவும் வேண்டாம்.

மற்றவர்களுக்கு, ரத்தப் பரிசோதனை பற்றித் தனிச்செய்தியில் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். முழு ரத்த எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், மூன்றும். முதல் மூன்று மாதம் இரண்டிலிருந்து நாலு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம், ஆறு மாதம் தாண்டிச் சீராக இருந்தால் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை. "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு வீண் செலவு" என்று தள்ளிப் போடுவார்கள். கல்லீரல் தொந்தரவு ஆரம்பத்தில் உடம்பில் காட்டவே காட்டாது, ரத்தத்தில்தான் தெரியும். அளவு கூட்டும்போதெல்லாம் கணக்கு முதலிலிருந்து.

உடம்பு சொல்லும் அடையாளங்களில் வாய்ப்புண்ணைப் பற்றிப் பேசியாயிற்று. காய்ச்சல், தொண்டைவலி, காரணமில்லாமல் நீலத் தழும்பு, கண் மஞ்சள். இன்னொன்றைப் பலரும் தவறவிடுகிறார்கள்: சளியில்லாத வறட்டு இருமலும் மூச்சு வாங்குவதும். இந்த மருந்தால் நுரையீரல் அழற்சி வரலாம். பனிக்கு வந்த இருமல் என்று சிரப் குடித்துக்கொண்டிருக்காதீர்கள்.

வேறு எந்த டாக்டரிடம், சிறுநீர்த் தொற்றுக்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், இந்த மருந்தின் பெயரை முதலில் சொல்லிவிடுங்கள். கோட்ரைமாக்சசோல் என்கிற சாதாரண, மலிவான ஆன்டிபயாடிக் இதோடு சேர்ந்தால் மஜ்ஜை படுத்துவிடும். கடையில் கேட்டு வாங்கிப் போடுகிறவர்கள் கவனம்.

செல்வி_கோவில்பட்டி | 7 ஜூலை, இரவு 8:30

ரெண்டு செய்தி.

மதுரைக்குப் போயிட்டு வந்தோம். இப்போதைக்கு மெதோட்ரெக்ஸேட் வேண்டாம், ரத்தம் முழுசாத் தேறட்டும்னு ஹைட்ராக்சிகுளோரோகுயின் மட்டும் கொடுத்திருக்காங்க. அதுக்கு வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டாம். கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதலாத்தான் இருந்திருக்கு, வலி மாத்திரையை அம்மா தினமும் ரெண்டு போட்டிருக்காங்க, என்கிட்ட "எப்பவாவது"ன்னு சொல்லியிருக்காங்க. கோபம் வந்துச்சு. அப்புறம், தனியா இருக்கறவங்க வலிக்கு வேற யார்கிட்ட சொல்லுவாங்கன்னு தோணுச்சு.

ரெண்டாவது, அந்தக் கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். கடைப் பையனுக்கு இருபது வயசுகூட இருக்காது. கவரைக் காட்டினதும் முகம் வெளுத்துடுச்சு. ஓனர் வந்து "சீட்டுல எழுத்து புரியலம்மா"ன்னார். புரியலன்னா போன் போட்டுக் கேட்டிருக்கணும்னு சொன்னேன். அதுக்கு அவர்கிட்ட பதில் இல்ல.

இதை எங்கேயாவது புகார் மாதிரி பதிவு செய்ய முடியுமா? யாரையும் ஜெயில்ல போட இல்ல. கணக்குல ஏறணும்னு.

நி_பொதுமருத்துவம் | 7 ஜூலை, இரவு 9:20

முடியும். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010இலிருந்து இருக்கிறது, காசியாபாத்தில் தலைமையகம். கட்டணமில்லா எண் 1800-180-3024. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, நோயாளியோ வீட்டாரோ சொல்லலாம். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் உண்டு. பல மருத்துவக் கல்லூரிகளில் இதற்கென மையம் இருக்கிறது, பெரும்பாலும் மருந்தியல் துறையில். அவர்களிடம் போய்க் கேட்டால் ஓர் உதவிப் பேராசிரியர் ஆச்சரியத்தோடு நாற்காலி போடுவார். கடை மீதான புகார் வேறு, அதற்கு மாவட்ட மருந்து ஆய்வாளர்.

இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இலேயே மருந்துப் பெயரைப் புரியும்படி, கூடுமானால் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லிவிட்டது. எங்கள் ஆட்கள் எழுத்தைப் பற்றி நான் அதிகம் பேசாமல் இருப்பது நல்லது.

டெல்டா_மெடிக்கல்ஸ் | 8 ஜூலை, காலை 9:05

நாங்க ஒண்ணு ஆரம்பிச்சிருக்கோம். இந்த மாத்திரை யார் கேட்டாலும் முழு ஸ்ட்ரிப் கிடையாது. நாலு மாத்திரைதான், ஒரு மாசத்துக்கு. ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலயும் மார்க்கர்ல கிழமை பேரைத் தமிழ்ல எழுதிடறோம். கவர்ல 1-0-0 எழுதறதே இல்ல. "எந்தக் கிழமை போடுவீங்க?"ன்னு அவங்களையே சொல்ல வைக்கறது என் சம்சாரத்தோட யோசனை. நேத்து ஒரு பெரியவர் "தினமும்தான்"னார். சீட்டை வாங்கிப் பார்த்து டாக்டருக்குப் போன் போட்டோம்.

பழைய_கம்பவுண்டர் | 8 ஜூலை, காலை 9:50

சபாஷ். ஆனால் ஸ்ட்ரிப்பை வெட்டும்போது மருந்துப் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற ஓரத்தை யார் கையில் கொடுக்கிறீர்கள்? வெட்டின துண்டில் பேர் இல்லாவிட்டால், அன்றைக்குச் செல்வியிடம் நான் கேட்ட கேள்விக்குப் பதிலே கிடைத்திருக்காது.

டெல்டா_மெடிக்கல்ஸ் | 8 ஜூலை, காலை 10:02

அதை யோசிக்கல சார். இனி கவர்லயே பேரு, தேதி எழுதி ஸ்டேப்ளர் அடிச்சிடறோம்.

குமரன்_ஓசூர் | 3 செப்டம்பர், இரவு 11:15

பழைய இழையை மேலே கொண்டு வர்றதுக்கு மன்னிக்கணும். தேடும்போது இது கிடைச்சுது. அப்பாவுக்கு சோரியாசிஸ்ங்கற தோல் வியாதிக்கு இதே மாத்திரை. கவரை இப்பத்தான் பார்த்தேன், 1-0-0ன்னு இருக்கு. அப்பா தூங்கறார். எழுப்பணுமா?

பழைய_கம்பவுண்டர் | 3 செப்டம்பர், இரவு 11:19

முதலில் ஸ்ட்ரிப்பை எண்ணுங்கள். என்றைக்கு வாங்கியது, எத்தனை வாங்கியது, எத்தனை இருக்கிறது?

குமரன்_ஓசூர் | 3 செப்டம்பர், இரவு 11:26

பில்லுல ஆகஸ்ட் 12. பத்து வாங்கியிருக்கார். ஏழு இருக்கு. ஃபிரிட்ஜ் மேல ஒரு துண்டுத் தாள்ல "திங்கள்"னு எழுதி ஒட்டி வச்சிருக்கார், மூணு டிக் போட்டிருக்கு.

பழைய_கம்பவுண்டர் | 3 செப்டம்பர், இரவு 11:28

ஆகஸ்ட் 12 திங்கள். 19, 26. மூன்று சரி. நேற்றும் திங்கள், அதற்கு டிக் இல்லை. மறந்திருப்பார். காலையில் எழுந்ததும் கேளுங்கள், தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம். அந்தக் கவரை மட்டும் இப்போதே கிழித்துப் போடுங்கள்.